மணலுக்குள் படுத்திருக்கும் மீனை எண்ணுவது எப்படி?



கடலோரக் குழுக்களில் மீன் வியாபாரத்துக்கு உள்கடன் கேட்டு மனு வரும்போது, கூட்டத்தில் ஒரு கேள்வி எழுகிறது. "இந்த வருஷம் மீன்பாடு எப்படி இருக்கும்? கொடுக்கிற கடன் திரும்பி வருமா?" ஒருத்தர் "நல்லா இருக்கும்" என்பார். இன்னொருத்தர் "எங்கங்க, கடல்ல மீனே இல்ல" என்பார். இரண்டு பேரும் கரையில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள். கடலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். எல்லா மீனையும் பேசினால் பக்கம் போதாது. அதனால் ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். நாக்கு மீன், எருமை நாக்கு போன்ற தட்டை மீன்கள். எண்ணுவதற்கு மிகவும் சிரமமான மீன் இதுதான். இதை எண்ணும் முறை புரிந்துவிட்டால் மற்றது சுலபம்.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய மீன்

உள்நாட்டுக் குழுச் சகோதரிகள் இந்த மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்திருக்கலாம். நாக்கை நீட்டிப் போட்டது போலத் தட்டையாக இருக்கும். ஒரு பக்கம் மணல் நிறம், மறுபக்கம் வெள்ளை. இரண்டு கண்ணும் ஒரே பக்கம். பிறக்கும்போது அப்படி இல்லை. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன் மாதிரியே பக்கத்துக்கு ஒரு கண் வைத்து, நிமிர்ந்துதான் நீந்தும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து தலையைத் தாண்டி மறுபக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகு மீன் தரையில் ஒருக்களித்துப் படுத்துவிடும். உடம்பின் மேல் மணலைத் தூவிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். பக்கத்தில் போனாலும் தெரியாது.

எருமை நாக்கு கொஞ்சம் பெரிய மீன். வாயில் கூரான பல் உண்டு. இதற்கு ஒரு பெருமையும் உண்டு. 1700-களின் கடைசியில், டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியிலிருந்து பாதிரிமார்கள் பெர்லினில் இருந்த ப்ளோக் என்ற மருத்துவருக்கு மீன்களைப் பதப்படுத்தி அனுப்பினார்கள். அவர் எழுதி, அவர் இறந்த பிறகு 1801-ல் வெளிவந்த நூலில் இந்த மீனுக்கு வைத்த பெயரில் 'எருமெய்' என்ற சொல் இருக்கிறது. நம் கரையில் சொன்ன 'எருமை நாக்கு'தான் அது. இன்றைக்கும் உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இதை 'செட்டோடஸ் எருமெய்' என்றுதான் எழுதுகிறார்கள். பெயரை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? கரையில் மீனைக் கொண்டுவந்து கொட்டியவர்களோ, கூடையில் விற்றவர்களோதான் சொல்லியிருக்க முடியும் என்பது எங்கள் எண்ணம்.

செலவுப் பத்தியை மட்டும் பார்த்தால் போதுமா?

நம் குழுவின் ரொக்கப் புத்தகம் எப்படி எழுதுகிறோம்? ஆரம்ப இருப்பு, அதோடு வரவு, அதிலிருந்து செலவைக் கழித்தால் இறுதி இருப்பு. கடலுக்கும் இதே கணக்குதான்.

ஆரம்ப இருப்பு என்பது இந்த வருஷம் கடலில் இருக்கும் மீன். வரவு இரண்டு வகை. புதிதாகக் குஞ்சு பொரித்து வளர்ந்து சேரும் மீன் ஒன்று. இருக்கிற மீன் தின்று எடை கூடுவது மற்றொன்று, நம் சேமிப்புக்கு வட்டி சேர்வது மாதிரி. செலவும் இரண்டு வகை. பெரிய மீன் தின்பது, நோய், வயது இவற்றால் தானாகச் சாவது ஒன்று. நாம் பிடிப்பது ஒன்று.

இதில் கரையில் நின்று நாம் பார்ப்பது எது? நாம் பிடித்த மீன். அதாவது செலவுப் பத்தியில் ஒரு வரி. வேறு எதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு குழுவில் ஊக்குநர் மாதாமாதம் எல்லாருக்கும் தாராளமாகக் கடன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவருக்கெல்லாம் பணம். பார்க்கிறவர்கள் "இந்தக் குழு நல்ல செழிப்பா இருக்கு" என்பார்கள். பாஸ் புத்தகத்தைத் திறந்து பார்த்தால்தானே இருப்பு தெரியும்? கடலில் மீன் நிறையப் பிடிபடுவதும் அப்படித்தான். இருப்பு நிறைய இருப்பதாலும் இருக்கலாம். இருப்பைக் காலி செய்துகொண்டிருப்பதாலும் இருக்கலாம். கரைக்கு வரும் கூடையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இது வெறும் பேச்சு இல்லை. தட்டை மீனிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் பெரிங் கடல் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் பெரும்பகுதியில் பனிக்கட்டி மிதக்கும். அங்கே 'எல்லோஃபின் சோல்' என்று ஒரு தட்டை மீன் உண்டு. மஞ்சள் துடுப்பு நாக்கு மீன் என்று நாம் சொல்லிக்கொள்வோம். 1954-ல் வெளிநாட்டுக் கப்பல்கள் அதைப் பிடிக்கத் தொடங்கின. 1959 முதல் 1962 வரை வருஷத்துக்குச் சராசரியாக 4 லட்சத்து 4 ஆயிரம் டன் பிடித்தார்கள். அந்த நாலு வருஷமும் பார்த்தவர்கள் வற்றாத கடல் என்றுதான் நினைத்திருப்பார்கள். அடுத்து 1963 முதல் 1971 வரை சராசரி சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் டன்னாக இறங்கியது. 1972 முதல் 1977 வரை சுமார் 51 ஆயிரம் டன். எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

இந்த மீன் மெதுவாக வளரும். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வருவதற்கே சுமார் 10 வயது ஆகும். முப்பது வயதைத் தாண்டி வாழும் மீனும் உண்டு. பத்து வருஷம் கட்டிய சேமிப்பை நாலு வருஷத்தில் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பிடிப்பு குறைந்த பிறகு, 1980-களில்தான் அந்த மீன் நன்றாகப் பெருகியது.

ஒரு பானை சோறு

அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் பெரிங் கடலில் வருஷா வருஷம் மீன் கணக்கு எடுக்கிறார்கள். 1982-லிருந்து ஒரே மாதிரி வலையை வைத்து எடுத்து வருகிறார்கள். கொரோனா காரணமாக 2020-ல் மட்டும் நின்றது. அவர்கள் செய்வதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது எப்போது சரி? பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால் சரி. அடிப்பிடித்த பானையில் மேலே ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். கடல் என்பது கிளறாத பானை. மணல் தரை, சேற்றுத் தரை, பாறை, ஆழம், மேடு என்று இடத்துக்கு இடம் மாறும். நாக்கு மீன் மணலும் சேறும் உள்ள இடத்தில் கூட்டமாகக் கிடக்கும். பாறையில் ஒன்றும் இருக்காது. மீன் பிடிக்கப் போகிறவர் மீன் கிடைக்கும் இடத்துக்குத்தான் போவார். அது அவர் தொழில். அந்தக் கூடையை வைத்துக் கடல் முழுக்கக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

ஆகவே அவர்கள் கடலின் வரைபடத்தில் சதுரம் சதுரமாகக் கோடு போட்டார்கள். ஒரு சதுரம் பக்கத்துக்கு 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர். சதுரத்துக்கு ஒரு இடம் என்பதுதான் அடிப்படை. அதோடு சில இடங்களைக் கூடுதலாகச் சேர்த்து, நீண்ட காலமாக மொத்தம் 376 இடங்களில் வலை போட்டு வந்தார்கள். மீன் இருக்கும் என்று தெரிந்த இடம், இருக்காது என்று தெரிந்த இடம், இரண்டுக்கும் போக வேண்டும். மே மாதக் கடைசியில் கிழக்கே தொடங்கி, மேற்கே நகர்ந்து, ஆகஸ்டு தொடக்கத்தில் முடிப்பார்கள். இதற்கு மீன்பிடிப் படகுகளையே வாடகைக்கு அமர்த்துகிறார்கள். ஓட்டுபவரும் மீன்பிடிக்காரர்தான். ஆனால் அவர் இஷ்டத்துக்கு இடம் மாற்ற முடியாது.

ஒவ்வோர் இடத்திலும் அதே அளவு இழுவலை, அதே வேகம், அரை மணி நேரம். வலை தரையைத் தொட்டபடி போகும். அதன் வாய் சுமார் 17 மீட்டர் அகலம் விரியும். மணிக்கு 3 கடல் மைல் வேகத்தில் அரை மணி நேரம் இழுத்தால் கிட்டத்தட்ட 2,780 மீட்டர் தூரம். இப்போது பெருக்குங்கள். 2,780-ஐ 17-ஆல் பெருக்கினால் 47,260 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 12 ஏக்கர்.

அதாவது ஒரு முறை வலை போட்டால் கடலடியில் 12 ஏக்கர் நிலத்தைப் பெருக்கி எடுத்தது மாதிரி. ஆனால் ஒரு சதுரம் எவ்வளவு பெரிது? சுமார் 3 லட்சத்து 39 ஆயிரம் ஏக்கர்! அதில் 12 ஏக்கர்தான் பார்க்கிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். (இந்த எடை நாமாக வைத்துக்கொள்வது.) அந்த 12 ஏக்கரில் 120 கிலோ தட்டை மீன் கிடைத்தால், ஏக்கருக்கு 10 கிலோ. 3,39,000 ஏக்கருக்கு 33 லட்சத்து 90 ஆயிரம் கிலோ. அதாவது 3,390 டன். இப்படி ஒவ்வொரு சதுரத்துக்கும் போட்டுக் கூட்டினால் கடல் முழுக்க எவ்வளவு என்று ஒரு மதிப்பு கிடைக்கும். கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் போட்டுவிடுவார்கள்.

இதில் ஒரு இடத்தில் எடையைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். 12 கிலோ கூடுதலாக எழுதினால், கணக்கில் 339 டன் கூடிவிடும். சின்னப் பிழை அப்படியே பெருகும். அதனால்தான் வலை மேலே வந்ததும் அவ்வளவு கவனமாக இருப்பார்கள். மேசையில் கொட்டி, வகை வகையாகப் பிரித்து, எடை போட்டு, ஆணா பெண்ணா பார்த்து, நீளம் அளந்து எழுதுவார்கள். குவியல் மிகப் பெரிதாக இருந்தால் அதில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் பிரிப்பார்கள். அப்போதும் பெரிய மீனாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது.

காதுக்கல் சொல்லும் வயது

மீனின் தலைக்குள் இரண்டு பக்கமும் காதுப் பகுதியில் சின்னக் கல் மாதிரி ஒன்று இருக்கும். மீன் தின்னும்போது பல்லில் பட்டு "கல்லுங்க" என்று எடுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தக் காதுக்கல் மீனோடு சேர்ந்து வளரும். குளிர்நாட்டு மீனுக்குக் கோடையில் வேகமாகவும் குளிர்காலத்தில் மெதுவாகவும் வளர்வதால், மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம் விழும். வருஷத்துக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தால் வயது தெரியும்.

வயது தெரிந்து என்ன பயன்? இரண்டு ஊரில் தலைக்கு 500 பேர் இருக்கிறார்கள். ஒரு ஊரில் குழந்தை, இளவட்டம், பெரியவர் எல்லாரும் உண்டு. இன்னொரு ஊரில் கிழவன் கிழவி மட்டும்தான். எண்ணிக்கை ஒன்று. இருபது வருஷம் கழித்து? மீனிலும் அப்படித்தான். வலையில் குஞ்சு வயது மீனே வராவிட்டால் நாளைய வரவு இல்லை. முட்டையிடும் வயது மீன் வராவிட்டால் குஞ்சு போடுகிற தாயே இல்லை. எடையை மட்டும் எழுதினால் இந்த இரண்டும் தெரியாது.

நம் வெதுவெதுப்பான கடலில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. அதற்காக விட்டுவிடுவதில்லை. நம் பக்கம் பெரும்பாலும் நீளத்தை வைத்தே பார்க்கிறார்கள். நிறைய மீனை மாதாமாதம் அளந்தால், போன மாதம் 6 சென்டிமீட்டரில் இருந்த கூட்டம் இந்த மாதம் 7-க்கு நகர்ந்திருப்பது தெரியும். அதிலிருந்து வளரும் வேகம், பிடிபடும் அளவு எல்லாம் கணக்கிடலாம். இறங்குதளத்தில் ஒருவர் அளவுகோலை வைத்துக்கொண்டு மீன் மீனாக அளப்பது இதற்குத்தான்.

கணக்கெடுப்பும் ஏமாறும்

இவ்வளவு செய்தும் தப்பு வராதா? வரும்.

1999-ல் பெரிங் கடல் வழக்கத்தைவிட மிகக் குளிராக இருந்தது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் மஞ்சள் துடுப்பு மீன் முந்தைய வருஷத்தைவிட மிகவும் குறைந்து காணப்பட்டது. ஒரே வருஷத்தில் அவ்வளவு மீன் செத்துவிட்டதா? அப்படிச் செத்திருந்தால் அடுத்தடுத்த வருஷங்களில் கணக்கு மேலே ஏறியிருக்காது. பத்து வயதில் முட்டையிடும் மீன் ஒரு வருஷத்தில் எப்படித் திரும்பி வரும்? மீன் அங்கேதான் இருந்தது, வலைக்குத்தான் வரவில்லை. அந்த மீன் கோடையில் முட்டையிடக் கரையோர ஆழமில்லாத தண்ணீருக்குப் போகும். குளிர் வருஷத்தில் இந்தப் பயணம் தாமதமாகிறது. கணக்குப் படகு வரும் நேரத்தில் பெரும்பகுதி மீன் வலை எட்டாத இடத்தில் நிற்கிறது. குளிரில் மீன் மந்தமாகவும் கிடக்கும். வலை வரும்போது எழும்பாமல் தரையோடு ஒட்டிக்கொண்டால், வலையின் அடிக்கயிறு அதன் மேலேயே போய்விடும்.

இதனால் வலையிலேயே வெப்பமானி கட்டி, கடலடித் தண்ணீரின் சூட்டையும் எழுதுகிறார்கள். குளிர் வருஷம் என்றால் அதற்குத் தக்கபடி கணக்கைச் சரி செய்கிறார்கள். ஒரு வருஷக் கணக்கைப் பார்த்துப் பதறுவதும் இல்லை, துள்ளுவதும் இல்லை. பல வருஷத்தைச் சேர்த்து வைத்துத்தான் முடிவு.

மணலுக்குள் பதுங்கும் மீனை எழுப்ப வேறு உபாயமும் உண்டு. ஐரோப்பாவின் வட கடலில், வலையின் வாய்க்கு முன்னால் தரையில் உரசிக்கொண்டு போகிற மாதிரி சங்கிலிகளைக் கட்டுவார்கள். சங்கிலி உரசியதும் தட்டை மீன் துள்ளி எழும், பின்னால் வரும் வலையில் விழும். அங்கே கணக்கெடுப்புக்கும் இந்த வகை வலையையே பயன்படுத்துகிறார்கள். எந்த வலையானாலும் இடையில் மாற்றக் கூடாது. போன வருஷம் பெரிய படியால் அளந்து இந்த வருஷம் சின்னப் படியால் அளந்தால், நெல் கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்வது?

கணக்கு இருந்தும் இருப்பு காலியானது உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால் 'அமெரிக்கன் பிளேஸ்' என்ற தட்டை மீன் பெருவாரியாகக் கிடைத்துவந்தது. இருப்பு மிகவும் சரிந்துபோனதால் 1994-ல் அதைக் குறிவைத்துப் பிடிப்பதையே நிறுத்தினார்கள். அது சீக்கிரம் திரும்பவில்லை. அந்த மீனை நம்பிய குடும்பங்களைப் பற்றி யோசித்தால் நமக்கே வயிறு கலங்குகிறது.

நம் கரையில் யார் எண்ணுகிறார்கள்?

நம் நாட்டில் இரண்டு வழியிலும் கணக்கு நடக்கிறது. கடலில் கப்பல் விட்டுப் பார்ப்பதை இந்திய மீன்வள ஆய்வகம் செய்கிறது. அதற்குச் சென்னையிலும் ஒரு தளம் உண்டு. கரைக்கு வந்து இறங்கும் மீனைக் கணக்கெடுப்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947-ல் தொடங்கிய இந்த நிலையத்தின் தலைமையிடம் நீண்ட காலம் நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. 1971-ல் கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் இன்றும் அதன் மையம் இருக்கிறது.

நம் கடற்கரையில் எத்தனையோ இறங்குதளம். எல்லா இடத்திலும் எல்லா நாளும் ஆள் போட முடியாது. ஆகவே எந்தத் தளம், எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரித் தேர்ந்தெடுக்கிறார்கள். படகுக்கும் அப்படியே. 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 30-லிருந்து 39 படகு வந்தால் மூன்றுக்கு ஒன்று. 50-க்கு மேல் என்றால் ஐந்துக்கு ஒன்று. "எங்க படகை மட்டும் ஏன் பார்க்கிறீங்க, பக்கத்துப் படகைப் பாருங்க" என்று நாம் சண்டைக்குப் போவதுண்டு. வேண்டியவர் வேண்டாதவர் பார்த்து வருவதில்லை. முறை வந்த படகுக்கு அவர் வந்தே ஆக வேண்டும்.

இங்கே நம் தப்பையும் சொல்லிவிட வேண்டும். நோட்டும் கையுமாக ஒருவர் வந்தால் நம்மில் பலருக்கு வரிக்காரர் என்று பயம். கேட்டதற்குப் பாதி சொல்வோம். இல்லையென்றால் பெருமைக்குக் கூடச் சொல்வோம். குறைத்துச் சொன்னால் மீன் அழிந்துவிட்டது என்று கணக்கு வரும். கூட்டிச் சொன்னால் தாராளமாக இருக்கிறது என்று வரும். ஐந்து படகுக்கு ஒரு படகு என்று பார்க்கும்போது, அந்த ஒரு பொய் ஐந்து பொய்யாகிவிடும். வரி போடுவதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

மறுபக்கமும் உண்டு. கணக்கு எடுக்க வருகிறவர்கள், எங்கிருந்து வந்தாலும் சரி, எடுத்துக்கொண்டு போவதோடு நின்றுவிடக் கூடாது. "போன வருஷம் உங்கள் கரையில் அளந்த மீனில் இது தெரிந்தது" என்று திரும்பி வந்து நம் பாஷையில் சொல்ல வேண்டும். தணிக்கை செய்கிறவர் முடிவைக் குழுவுக்குச் சொல்லாமல் போனால் நாம் விடுவோமா?

கணக்கினால் வந்த பலனுக்குப் பக்கத்து மாநிலமே உதாரணம். கேரளத்தில் மழைக்காலம் ஓய்ந்ததும் 'மாந்தள்' என்ற சின்ன நாக்கு மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும். கோழிக்கோடு பக்கம் அதற்கு நல்ல கிராக்கி. 2015-ல் கேரள அரசு இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்று முதலில் 14 வகைக்கு அளவு வைத்தது. பிறகு 58 வகையாக்கியது. மாந்தளுக்கு 9 சென்டிமீட்டர். இந்த 9 என்பது யாரோ மேசையில் உட்கார்ந்து நினைத்த எண் இல்லை. கரையில் ஆயிரக்கணக்கான மீனை அளந்து, எந்த நீளத்தில் முட்டையிடத் தொடங்குகிறது என்று பார்த்ததால் கிடைத்தது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? நெருக்கமான கண்ணி உள்ள இழுவை மடியில் விரல் நீள நாக்கு மீன் எவ்வளவோ வருகிறது. இராமநாதபுரம் பக்கம் அதைச் சங்காயம் என்று ஒதுக்குவார்கள். தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் கிலோ கணக்கில் போய்விடும். கூடைக்காரிக்கும் இல்லை, குழம்புக்கும் இல்லை. அந்தக் குவியலில் எந்த மீனின் குஞ்சு எவ்வளவு என்று எழுதினால்தான், ஒரு வருஷத்தில் நாம் இழப்பது எவ்வளவு என்று தெரியும். எங்களைக் கேட்டால், இறங்குதளத்தில் முதலில் எண்ண வேண்டிய குவியல் அதுதான்.

தடைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 ஆனது. தடை முடிந்து முதல் வாரம் கரையே மீனாக இருக்கும். "பாத்தீங்களா, மீன் பெருகிருச்சு" என்போம். அவசரப்பட வேண்டாம். இரண்டு மாதம் எடுக்காமல் சேர்ந்ததை எல்லாப் படகும் ஒரே நாளில் போய் எடுக்கிறது. அந்த வாரக் கூடையை வைத்து இருப்பைச் சொல்ல முடியாது. ஓய்வு கொடுத்தால் மீன் பெருகும் என்பது பொய்யில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வட கடலில் பெரும்பாலும் மீன்பிடிப்பு நின்றிருந்தது. போர் முடிந்து போனபோது வலையில் பெரிய, வயதான தட்டை மீன்கள் விழுந்தன. ஆனால் அது பல வருஷ ஓய்வு. படகுகள் எல்லாம் திரும்பி வந்ததும் சில வருஷங்களில் அந்த மிகுதி கரைந்தது.

நாமே செய்து பார்க்கலாம்

கடலோரக் குழுக்களுக்கு ஒரு யோசனை. கூடையை இறக்குவதும், தரம் பிரிப்பதும், கூறு கட்டுவதும் நாம்தான். மீன் சிறுத்துவிட்டதை முதலில் காண்பது நம் கைதான். அதை எழுதி வைப்போம்.

வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்யுங்கள். அந்த நாளை மாற்றாதீர்கள். அன்றைக்கு வரும் படகுகளில் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுங்கள். அந்தப் படகின் நாக்கு மீன் குவியலில் கையை விட்டு, பார்க்காமல் 20 மீன் எடுங்கள். பெரிதாகப் பொறுக்கினால் கணக்கு கெட்டது. பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலே போதும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து எழுதுங்கள். ஒரே அளவுகோலாக இருக்கட்டும். தேதி, படகின் வகை, எத்தனை பாகம் ஆழத்தில் வலை போட்டார்கள், வலைக் கண்ணி எவ்வளவு, மொத்தம் எத்தனை கிலோ என்பதையும் கேட்டு எழுதுங்கள். அளந்த மீனைத் திரும்பக் குவியலில் போட்டுவிடலாம், விற்பனைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அளப்பதை ஒரே ஆள் செய்வது நல்லது. அவர் வர முடியாத வாரம் பிரதிநிதிகளில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு வருஷம் எழுதினால் எந்த மாதம் குஞ்சு அதிகம், எந்த மாதம் முட்டை வைத்த மீன் அதிகம் என்று உங்கள் நோட்டே சொல்லும். உள்கடன் மனு வரும்போது அந்த நோட்டைத் தீர்மானப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீன்வளத் துறைக் கூட்டத்துக்குப் போகும்போதும் கையில் எடுத்துப் போங்கள். "மீன் குறைஞ்சுபோச்சுங்க" என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். தேதியோடு நீளத்தைக் காட்டினால் எழுதிக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். படகு கடலுக்குப் போய், நாக்கு மீன் ஒன்றுகூட இல்லாமல் திரும்பினால், அந்த வாரத்தை விட்டுவிடாமல் தேதி போட்டு 0 என்று எழுதுங்கள். காற்று, மழை, தடைக்காலம் என்று படகே போகாவிட்டால் 0 போடக் கூடாது, ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றல்ல.